பரிசாக வந்த தொந்தோனியா பாட்டில் கெட்டுப்போய்விட்டதா? ரியோஹா ஒயின் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மேசைவிளக்கு | ஞாயிறு இரவு 11.10

பார்சிலோனாவில் ஏழு வருஷமாக இருக்கிறேன். ஒயினைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூப்பர்மார்க்கெட்டில் கைக்கு அடக்கமான விலையில் இருப்பதை எடுத்துவந்து சனிக்கிழமை ஒரு கிளாஸ் குடிப்பதோடு சரி.

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கிளம்பும்போது ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்து, "அவசரமாக இருக்கிற நாளில் இதைத் திறக்காதே" என்றார். ஸ்பெயினின் ரியோஹா பிரதேசத்துச் சிவப்பு ஒயின். லேபிளில் ஆர். லோபெஸ் தெ எரேதியா, வின்யா தொந்தோனியா, ரெசர்வா, 2011 என்று போட்டிருக்கிறது.

இன்று வீட்டில் மிளகுக் கோழியும் சப்பாத்தியும். சரி, நல்ல நாள்தானே என்று திறந்தேன். ஊற்றியதும் முதல் அதிர்ச்சி நிறம். நான் பார்த்த சிவப்பு ஒயின் எல்லாம் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். இது மழையில் நனைந்த பழைய செங்கல் நிறம், ஓரத்தில் லேசாக ஆரஞ்சு. கிளாஸுக்குப் பின்னால் மின்சார பில்லை வைத்தால் தொகை தெரிகிறது. வாசனை என் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி: பழைய மரம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் தூசி. வாயில் வைத்தால் புளிப்பு தூக்கலாக இருக்கிறது, பழத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "வினிகர் ஆயிடுச்சு, சிங்க்ல ஊத்திடுங்க" என்றாள். மனசு வரவில்லை. முக்கால் பாட்டிலைக் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். இது கெட்டுப்போனதா, இல்லை இப்படித்தான் இருக்குமா?

பில்பாவோ பாண்டி | ஞாயிறு இரவு 11.32

ஐயோ, ஊற்றிவிடாதீர்கள்! முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அது வினிகர் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் வர்ணனையை அந்த ஒயினைச் செய்கிற வீட்டுக்காரர்களே படித்தால் சந்தோஷப்படுவார்கள். செங்கல் நிறம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய மரம். தொந்தோனியா ரெசர்வா என்றால் இதுதான்.

நீங்கள் வழக்கமாகக் குடிப்பது இரண்டு, மூன்று வருஷத்து ஒயின். இது பீப்பாயிலேயே ஆறு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு பாட்டிலில் அடைத்து, நிலவறையில் இன்னும் சில வருஷம் படுக்கப்போட்டு, அதன் பிறகுதான் கடைக்கு அனுப்புகிறார்கள். அறுவடையிலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருஷத்துக்கு மேல். பெரும்பாலான கம்பெனிகள் ஒயினை விற்றுவிட்டு, "நீயே வீட்டில் வைத்துப் பழசாக்கிக்கொள்" என்பார்கள். இவர்கள் அந்த வேலையை நமக்காகச் செய்துவிட்டு விற்கிறார்கள்.

மிளகுக் கோழிதான் தப்பு. காரத்துக்கு முன்னால் இந்த ஒயின் வாயே திறக்காது. நாளைக்கு அதே பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, ஒன்றும் சாப்பிடாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

கறார் கந்தன் | திங்கள் காலை 7.05

காசு கொடுத்து டிரங்குப் பெட்டி வாசனை வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

லாச்சப்பல் லோகன் | திங்கள் காலை 9.48

கந்தன் அண்ணை சிரிக்கலாம், ஆனால் இந்த ஒயினுக்குப் பின்னால் எங்கட பிரான்ஸ் கதை ஒன்று கனக்க இருக்கு. நான் பரிஸில் ஒரு ஒயின் கடையில் பதினொரு வருஷம் வேலை செய்தவன், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1860-களில் அமெரிக்காவிலிருந்து ஃபைலோக்சரா என்கிற பூச்சி பிரான்சின் தெற்குக்கு வந்து சேர்ந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, அசுவினி இனப் பூச்சி. திராட்சைக் கொடியின் வேரில் உட்கார்ந்து உறிஞ்சும். கொடி மேலே பச்சையாக நிற்கும்போதே கீழே அழுகிக்கொண்டிருக்கும். பிறகு அது ஒயினுக்குப் பேர்போன போர்தோ பக்கமும் பரவியது. போர்தோ வியாபாரிகளுக்கு விற்கச் சரக்கு இல்லை. எங்கே போவது? மலையைத் தாண்டினால் ஸ்பெயினின் எப்ரோ நதிப் பள்ளத்தாக்கு, அதாவது ரியோஹா. அங்கே பூச்சி இன்னும் வரவில்லை. பில்பாவோ துறைமுகத்துக்குப் போகிற ரயில் பாதை 1863-லேயே அங்கிருக்கிற ஆரோ ஊரைத் தொட்டுவிட்டது. (ஸ்பானிஷில் முதல் எழுத்து ஹெச், ஆனால் ஊமை. ஹாரோ இல்லை, ஆரோ.)

பிரெஞ்சு வியாபாரிகள் அங்கே போய் இறங்கினார்கள். கூடவே 225 லிட்டர் ஓக் பீப்பாயும், அதில் ஒயினை வைத்துப் பக்குவப்படுத்துகிற போர்தோ முறையும் போய்ச் சேர்ந்தது. ஆக, இவர்கள் "பாரம்பரிய ஸ்பானிஷ்" என்று கொண்டாடுவது உண்மையில் எங்கட ஆட்கள் சொல்லிக்கொடுத்தது. விளங்குதோ?

பில்பாவோ பாண்டி | திங்கள் மதியம் 1.15

லோகன் அண்ணா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஒரு திருத்தம். போர்தோ முறை ரியோஹாவுக்குப் போனது பூச்சிக்குப் பயந்து வந்தவர்களால் மட்டும் இல்லை. அதற்கு முன்பே மார்கேஸ் தெ முரியெத்தா, மார்கேஸ் தெ ரிஸ்கால் என்ற இரண்டு ரியோஹா ஒயின்காரர்களும் அந்த முறையைப் பிடித்துவிட்டார்கள். ரியோஹாவின் ஒரு பகுதி இருக்கும் ஆலாவா மாகாணத்தின் அரசே 1862-இல் ஷான் பினோ என்ற பிரெஞ்சு நிபுணரைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. விவசாயிகள் "பீப்பாய்க்கு யார் செலவு செய்வது" என்று பின்வாங்க, கடைசியில் அவரை ரிஸ்கால் தன் பக்கம் அழைத்துக்கொண்டார்.

ஆனால் அண்ணா சொன்னதில் ஒரு விஷயம், இந்தப் பாரம்பரியமே பிரான்சிலிருந்து வந்தது என்பது, எனக்கு ரொம்பப் பிடித்தது. லோபெஸ் தெ எரேதியாவை ஆரம்பித்த தொன் ரஃபாயெல் லோபெஸ் தெ எரேதியா இ லாந்தெத்தா சிலி நாட்டில் பிறந்தவர். ஸ்பெயினின் அரியணைச் சண்டையான கார்லிஸ்ட் போரில் தோற்ற பக்கம் நின்றுவிட்டு பிரான்சுக்குப் போய்த் தொழில் கற்றவர். 1877-இல் ஆரோவில் கடை விரித்தபோது அவர் செய்தது புத்தம்புதிய தொழில்நுட்பம். அந்தக் காலத்து ஸ்டார்ட்அப் என்றே சொல்லலாம். மற்றவர்கள் சிமெண்டுத் தொட்டிக்கும் ஸ்டீல் தொட்டிக்கும் மாறினார்கள், இவர்கள் மாறவில்லை. அதனால்தான் இன்று பாரம்பரியம் ஆகிவிட்டார்கள்.

ஆரோ ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு பகுதி இருக்கிறது, பாரியோ தெ லா எஸ்தசியோன். நம் வழக்கத்தில் சொன்னால் ஸ்டேஷன் பேட்டை. பீப்பாயை உருட்டி நேராக வேகனில் ஏற்றலாம் என்பதற்காக எல்லோரும் தண்டவாளத்தை ஒட்டியே கட்டினார்கள். 1877-இல் லோபெஸ் தெ எரேதியா, 1879-இல் குனே, 1890-இல் லா ரியோஹா ஆல்தா, 1901-இல் போதேகாஸ் பில்பாயினாஸ். பிறகு மூகாவும் ரோதாவும் அங்கேயே வந்து சேர்ந்தன. பத்து நிமிஷ நடைக்குள் இத்தனை பெரிய பெயர்கள் இருக்கும் தெரு வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. அந்தப் பணத்தில் ஊர் எப்படி மின்னியது என்றால், ஸ்பெயினிலேயே முதன்முதலாகத் தெருவில் மின்விளக்கு எரிந்த ஊர்களில் ஆரோவும் ஒன்று, 1890-இல். "ஆரோ வந்துவிட்டது, விளக்கு தெரிகிறது" என்று இன்றும் சொல்வழக்கு உண்டு.

கம்பம் தோட்டம் | திங்கள் மாலை 6.20

நமக்கு ஒயின் தெரியாது, திராட்சை தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறோம், பந்தல் முறை. கொடியைத் தலைக்கு மேலே படரவிட்டு, கவாத்து பண்ணிக்கொண்டே இருந்தால் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் அறுவடை வரும்.

இவர்கள் ஊரில் எப்படி? பந்தலா? அந்தப் பூச்சி கடைசியில் அங்கேயும் வந்ததா இல்லையா? வந்திருந்தால் எப்படிச் சமாளித்தார்கள்? இதை யாரும் சொல்லவே இல்லையே.

பில்பாவோ பாண்டி | திங்கள் இரவு 9.02

கம்பத்து அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி.

பந்தல் கிடையாது. பழைய தோட்டங்களில் கொடியைக் கட்டுவதற்குக் கம்பிகூட இல்லை. முழங்கால் உயரத்துக்குக் குட்டையான அடிமரம், அதிலிருந்து மூன்று நாலு கைகள் மேலே விரிந்திருக்கும். "என் பாசோ" என்பார்கள், குவளை வடிவம் என்று அர்த்தம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகு பார்த்தால், தரையிலிருந்து கருப்புக் கைகள் முளைத்த மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை, செப்டம்பர் கடைசி, அக்டோபர். மெஷின் உள்ளே நுழைய முடியாது, எல்லாம் கைவேலை.

பூச்சி வந்தது. 1899-இல் ரியோஹாவில் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் பெரும்பாலான தோட்டங்கள் போயின. பிரெஞ்சுக்காரர்களும் அதற்குள் தங்கள் தோட்டங்களை மீட்டுக்கொண்டு, சுங்க வரியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு அடி ஒரே சமயத்தில்.

பரிகாரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: ஒட்டு கட்டுவது. அமெரிக்கத் திராட்சை இனங்களின் வேருக்கு அந்தப் பூச்சி பழக்கம், அதனால் சாகாது. கீழே அமெரிக்க வேர், மேலே டெம்ப்ரானியோ என்ற ஊர்த் திராட்சை. இதில் வேடிக்கை என்னவென்றால் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது, மருந்தும் அமெரிக்காவிலிருந்து வந்தது, இவர்கள் பீப்பாய் செய்கிற ஓக் மரமும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. இதற்குப் பெயர் ஸ்பானிஷ் பாரம்பரியம்!

தொந்தோனியா என்பது கம்பெனி பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர். பூச்சி எல்லாவற்றையும் தின்று முடித்த பிறகு, 1913, 14-இல் தொன் ரஃபாயெல் ஆரோவுக்கு அருகே எப்ரோவின் வலது கரையில் நட்டது. நதி அங்கே வளைந்து போகிறது, அந்த வளைவுக்குள் 100 ஹெக்டேருக்கு மேல். வண்டல் கலந்த களிமண், சுண்ணாம்பு நிறைய. வடக்கே கான்தாப்ரியா மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று கடலிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கிறது. ஆனால் முழுதாகத் தடுப்பதில்லை, அதுதான் நல்லது. ஆரோ பக்கம் பகலில் வெயில், ராத்திரியில் குளிர். அதனால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு தங்குகிறது. மேசைவிளக்கு சொன்ன அந்தப் புளிப்பு அங்கேயிருந்து வருகிறது. அதே ரியோஹாவின் கிழக்குப் பக்கம் போனால் வறண்ட சூடு, கார்னாச்சா என்ற இன்னொரு திராட்சை செழிப்பாக வளரும், ஒயினும் வேறு மாதிரி இருக்கும்.

சிவப்பு தொந்தோனியாவில் முக்கால் பங்கு டெம்ப்ரானியோ, 15 சதம் கார்னாச்சா, மீதி கிராசியானோவும் மாசுவேலோவும். இந்தக் கிராசியானோ குறைவாகக் காய்க்கிற கொடி, விவசாயிக்குப் பிடிக்காது. ஆனால் கறிக்குக் கடைசியில் கிள்ளிப் போடுகிற கறிவேப்பிலை மாதிரி, இல்லாவிட்டால் தெரிந்துவிடும்.

லேப் சுமதி | திங்கள் இரவு 10.15

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நிறம் ஏன் வெளிறியது என்று யாரும் சொல்லவில்லை என்பதால் எட்டிப் பார்த்தேன்.

சிவப்பு ஒயினின் நிறம் திராட்சைத் தோலிலிருந்து வருகிறது. புதிதாக இருக்கும்போது அந்த நிறப்பொருள்கள் தனித்தனியாக மிதக்கும், ஊதாவாகத் தெரியும். பீப்பாய் மரத்தின் வழியாக ரொம்ப மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போகிறது. அந்த ஆக்சிஜனில் நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளான டானினும் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய சங்கிலியாகின்றன. சங்கிலி கனமானதும் அடியில் மண்டியாகப் படிந்துவிடும். நிறம் செங்கல் பக்கம் போகும், துவர்ப்பும் குறையும். பாட்டில் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை இது.

இன்னொன்று, இவர்கள் ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு போடுவார்கள். கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். கெட்டியான டிக்காஷனில் பால் ஊற்றினால் தேநீரின் துவர்ப்பு அடங்குகிறது இல்லையா? பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. அதே வேலையை முட்டைப் புரதம் செய்கிறது. வித்தியாசம், பால் டீயிலேயே தங்கிவிடும். முட்டைவெள்ளை கசடைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். பிறகு மேலே உள்ளதைத் தெளிவாக வேறு பீப்பாய்க்கு இறக்கிவிடலாம். (சுத்த சைவர்கள் கவனிக்க.)

வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படிப் பீப்பாய் மாற்றுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு எத்தனை தடவை, எத்தனை ஆயிரம் பீப்பாய் என்று கூட்டிப் பாருங்கள். விலை எங்கே போகிறது என்று தெரியும்.

கறார் கந்தன் | செவ்வாய் காலை 7.40

சுமதி அக்கா சொன்ன வேதியியல் எனக்குச் சம்மதம். ஆனால் மற்ற பஜனை கொஞ்சம் அதிகம்.

நானும் ஸ்பெயினில் மூன்று வருஷம் இருந்தவன்தான். பழைய பாணி ரியோஹா என்று ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி ஒருவர் எனக்கு விற்ற பாட்டிலில் ஈரச் சாக்கு நாற்றம். கேட்டால் "அதுதான் பாரம்பரிய மணம், உங்களுக்குப் பழகவில்லை" என்று பதில். அதாவது குறை இருந்தால் அதுவே குணம். இப்படியும் ஒரு வியாபாரமா?

இந்த லோபெஸ் தெ எரேதியாவைப் பற்றிய படங்களைப் பார்த்தேன். நிலவறை முழுக்க ஒட்டடை. பாட்டில் மேலே கம்பளி போர்த்திய மாதிரி பூஞ்சை. துடைக்காமல் விட்டுவிட்டு அதைப் பார்க்க டிக்கெட் போடுகிறார்கள். இன்னொரு பக்கம், பாரம்பரியம் பேசுகிறவர்கள் வாசலில் நவீன கட்டிடக் கலைஞர் ஸஹா ஹதீதைக் கூப்பிட்டு விண்கலம் மாதிரி ஒரு கட்டிடம். இதில் எது உண்மை முகம்?

புதிய பாணி ரியோஹாவைக் குடித்துப் பாருங்கள். பிரெஞ்சு ஓக், குறைந்த விளைச்சல், கெட்டியான பழச்சுவை. திராட்சையில் செய்தது என்று நாக்குக்குத் தெரியும்.

லேப் சுமதி | செவ்வாய் காலை 8.10

ஈரச் சாக்கு நாற்றம் என்றால் அது நிச்சயமாகக் குறைதான், கந்தன். கார்க்கிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள், எந்தக் கம்பெனி, எந்தப் பாணி பாட்டிலுக்கும் வரலாம். "பாரம்பரிய மணம்" என்று சொன்னவர் உங்களை ஏமாற்றிவிட்டார். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

மேசைவிளக்கு, உங்கள் பாட்டிலில் ஈரச் சாக்கோ நனைந்த அட்டைப்பெட்டியோ மணந்ததா?

மேசைவிளக்கு | செவ்வாய் காலை 8.31

இல்லை அக்கா. காய்ந்த மரம்தான். ஈரம் இல்லை.

பில்பாவோ பாண்டி | செவ்வாய் மதியம் 2.25

கந்தன், ஒட்டடைக்குப் பதில் சொல்கிறேன், நான் நேரில் பார்த்தவன்.

இரண்டு வருஷம் முன்பு பில்பாவோவிலிருந்து போனேன். வாசலில் நீங்கள் சொன்ன அந்தக் கட்டிடம். பக்கவாட்டில் பார்த்தால் ஒயின் ஊற்றி வைக்கிற டிகாண்டர் வடிவம். உள்ளே போனால் அதற்குள் இன்னொரு கடை! 1910-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக அந்தக் குடும்பம் செய்த மர ஸ்டால். வீட்டில் எங்கேயோ கிடந்ததைப் புதுப்பித்து, அதற்கு ஒரு கூடாகத்தான் ஹதீதின் கட்டிடத்தை 2006-இல் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பழைய மரக் கோபுரம் ஒன்று நிற்கிறது, "சோரி தோகி" என்று பெயர், பாஸ்க் மொழியில் பறவைகள் இருக்கும் இடம். அதைப் பார்த்த கண்ணால் இதைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் உள்ளே போனதும் முதலில் காதில் விழுந்தது சுத்தியல் சத்தம். அங்கே இன்னும் சொந்தப் பீப்பாய்ப் பட்டறை இருக்கிறது. அமெரிக்க ஓக்கை வாங்கி, முற்றத்தில் அடுக்கி, மழையிலும் வெயிலிலும் காயவிட்டு, அவர்களே பலகை சீவுகிறார்கள். ஒருவர் பீப்பாய்க்குள் தீ மூட்டி, வெளியே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பலகையை வளைத்தார். வளையத்தை அடித்து இறக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சுருதி மாறியது. இறுகிவிட்டது என்பதை அவர் காதால்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன், கண் வேறு எங்கோ இருந்தது. இப்படி அங்கே 12,000-க்கு மேல் பீப்பாய்கள். பழைய பீப்பாயைத் தூக்கிப் போடுவதில்லை, பலகை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். அதனால்தான் வெனிலாவும் தேங்காயும் மூக்கில் அடிப்பதில்லை. புது அமெரிக்க ஓக் என்றால் தேங்காய் பர்ஃபி வாசனை வரும்.

அப்புறம் நிலவறை. மணற்பாறையைக் குடைந்தது. வெளியே 34 டிகிரி வெயில், உள்ளே போனதும் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். ஒட்டடை உண்மை, கூரையிலிருந்து நூல் நூலாகத் தொங்குகிறது. வழிகாட்டி சொன்ன காரணம்: கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு, சிலந்தி அதைப் பிடித்துத் தின்கிறது. அதனால் சிலந்தியைத் தொடுவதில்லை. மருந்து அடித்தால் ஒயினுக்கு வாசனை ஏறும். நெல் குதிருக்குப் பக்கத்தில் பூனையை விரட்டாமல் வைத்திருப்பார்களே, அது மாதிரி. கூடவே பார்க்கிறவர்களுக்கு ஒரு சினிமாவும் ஆகிறது, அதை மறுக்கவில்லை. பழைய பாட்டில்களை வைத்திருக்கும் மூலைக்குக் கல்லறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

லாச்சப்பல் லோகன் | செவ்வாய் மாலை 5.50

லேபிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாங்குகிற ஆட்களுக்கு உதவும். ரியோஹாவில் பாட்டிலின் பின்பக்கம் ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். சிவப்பு ஒயினுக்குக் கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு வருஷம் பழசு, அதில் ஒரு வருஷம் பீப்பாய். ரெசர்வா மூன்று வருஷம், அதில் ஒன்று பீப்பாய். கிரான் ரெசர்வா ஐந்து வருஷம், அதில் இரண்டு பீப்பாய்.

இது சட்டம் கேட்கிற குறைந்த அளவு. லோபெஸ் தெ எரேதியாவில் கிரியான்சாவான வின்யா குபியோவே மூன்று வருஷம் பீப்பாயில் இருக்கும். தொந்தோனியா கிரான் ரெசர்வா சுமார் பத்து வருஷம். அதுவும் எல்லா வருஷமும் செய்வதில்லை. 1994, 1995, 2001, 2004 மாதிரி நல்ல வருஷங்களில்தான். பழைய ஆட்கள் 1964 என்று சொன்னாலே குரல் மாறும்.

கறார் கந்தன் | செவ்வாய் இரவு 8.15

பாருங்கள், நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். அந்தச் சீட்டு என்ன சொல்கிறது? எத்தனை வருஷம் கிடந்தது என்று மட்டும் சொல்கிறது. எந்த மண், எந்த மேடு, யாருடைய தோட்டம் என்று சொல்கிறதா? ரியோஹா 65,000 ஹெக்டேருக்கு மேல் இருக்கிற பிரதேசம். மூன்று மாகாணங்களில் பரந்து கிடக்கிறது. சுமாரான திராட்சையை ஐந்து வருஷம் கிடத்திவிட்டு அதே கிரான் ரெசர்வா முத்திரையை ஒட்டலாம். அர்தாதி என்ற நல்ல கம்பெனி இந்த வெறுப்பில்தான் 2015 கடைசியில் முத்திரையே வேண்டாம் என்று வெளியே போனது. பிரிவினை பேச்செல்லாம் வந்த பிறகுதான் 2017-இல் தனித்தோட்ட ஒயினுக்கு என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தார்கள். 1925-இலிருந்து ஒழுங்குமுறை இருக்கிறது, 1991-இல் ஸ்பெயினிலேயே முதல் ஆளாக உயர்ந்த தகுதி வாங்கினார்கள், தோட்டத்தின் பெயர் போட மட்டும் இத்தனை வருஷம்!

பில்பாவோ பாண்டி | செவ்வாய் இரவு 9.30

இதில் உங்களோடு சண்டை இல்லை. காலக் கணக்கு மட்டும் தரம் ஆகாது என்பது சரி.

ஆனால் நீங்கள் அடிக்க எடுத்த கல் இந்த வீட்டு மேல் விழாது. வின்யா தொந்தோனியா, வின்யா போஸ்கோனியா, வின்யா குபியோ எல்லாமே தோட்டத்தை வைத்து வந்த பெயர். வாங்கிய திராட்சை கிடையாது, எல்லாம் சொந்தத் தோட்டம். சட்டம் தனித்தோட்டம் பேச ஆரம்பிப்பதற்கு நூறு வருஷம் முன்பே இவர்கள் தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டுவிட்டார்கள். தொந்தோனியாவையும் போஸ்கோனியாவையும் அடுத்தடுத்து குடித்தால் வித்தியாசம் தெரியும். போஸ்கோனியாவை பர்கண்டி பாணி உருண்டைத் தோள் பாட்டிலில் அடைப்பார்கள், தொந்தோனியாவைப் போர்தோ பாணி நேர்த்தோள் பாட்டிலில். உள்ளே இருப்பதும் அப்படித்தான், முதலாவது கொஞ்சம் சதைப்பிடிப்பு, இரண்டாவது எலும்பு தெரிகிற மெலிவு. நான் மெலிவு கட்சி.

புதிய பாணியைத் தப்பு சொல்லவில்லை. தொண்ணூறுகளில் எல்லோரும் கருப்பாக, கெட்டியாக, விமர்சகர்களிடம் மார்க் வாங்குகிற ஒயின் செய்யப் போனபோது இவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரே சிரிக்கும்போது பழையபடியே ஆறு வருஷம் காத்திருக்க ஒரு தைரியம் வேண்டும். மூன்றாம் தலைமுறை தொன் பெத்ரோ அதைச் செய்தார். இப்போது நடத்துவது அவருடைய பிள்ளைகள்: மரியா ஹோசே, மெர்செதெஸ், ஹூலியோ செசார்.

கம்பம் தோட்டம் | செவ்வாய் இரவு 9.44

விற்காத சரக்கைப் பத்து வருஷம் உள்ளே வைத்துக்கொண்டு ஆளுக்குக் கூலி கொடுப்பது எப்படி முடிகிறது? எங்களுக்குப் பத்து நாள் லாரி வரவில்லை என்றால் வட்டிக்காரர் வாசலில் நிற்பார்.

பில்பாவோ பாண்டி | செவ்வாய் இரவு 10.05

அண்ணே, அதற்கு எனக்கும் முழுப் பதில் தெரியாது. நிலம் சொந்தம், பீப்பாய் சொந்தம், குடும்பம் வெளியே பங்கு விற்கவில்லை, கட்டிடம் நூறு வருஷத்துக்கு முன்பே கட்டி முடித்தது. ஒவ்வொரு வருஷமும் பத்து வருஷம் முன்பு உள்ளே போனது வெளியே வருகிறது. சக்கரம் ஒரு தடவை சுற்ற ஆரம்பித்துவிட்டால் ஓடும். இன்று புதிதாக ஒருவர் கடன் வாங்கி இதே மாதிரி ஆரம்பிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

மேசைவிளக்கு | புதன் இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. ரிப்போர்ட் தருகிறேன்.

நேற்று ஆபீஸிலிருந்து வரத் தாமதம், திறக்கவில்லை. (அவசர நாளில் திறக்காதே என்று பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது.) இன்று சாயங்காலம் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தேன். பாண்டி சொன்னபடி வெறும் வயிற்றில் ஒரு வாய். அதே ஒயினா என்று சந்தேகம். தூசி மாதிரி இருந்தது போய்விட்டது. முதலில் ஆரஞ்சுத் தோல், அப்புறம் உலர்ந்த செர்ரி, கடைசியில் புகையிலை மாதிரி ஒன்று. புளிப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் இன்று அது குத்தவில்லை. விழுங்கிய பிறகு ஒரு நிமிஷம் வாயிலேயே நின்றது.

பக்கத்துக் கசாப்புக் கடையில் குட்டி ஆட்டு விலாத் துண்டு வாங்கி, மசாலா எதுவும் இல்லாமல் உப்பு மட்டும் போட்டு வாணலியில் வாட்டினேன். என் மனைவி மறுபடி ஒரு வாய் குடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கிளாஸைத் திருப்பித் தரவில்லை.

பாட்டில் அடியில் கருப்பாக மண்டி இருந்தது. அதை டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும்? இவ்வளவு விலை இல்லாமல் இதே குடும்பத்தில் வேறு ஏதாவது?

லாச்சப்பல் லோகன் | புதன் இரவு 11.20

சந்தோஷம் தம்பி. ஆட்டு விலா சரியான தெரிவு. ரியோஹாவில் அதையே காய்ந்த திராட்சைக் குச்சியை எரித்து அந்தத் தணலில் சுடுவார்கள்.

மண்டிக்கு வடிகட்டி வேண்டாம். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வை, மண்டி அடியில் இறங்கும். ஊற்றும்போது ஆட்டாமல் ஊற்றி, கடைசி இரண்டு விரல்கடையை விட்டுவிடு. குளிர் 16, 17 டிகிரி. புத்தகத்தில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்பது பழைய ஐரோப்பிய அறை. சென்னை அறை இல்லை, பார்சிலோனா ஆகஸ்ட் அறையும் இல்லை.

விலை குறைவாக வேண்டுமென்றால் குபியோவில் ஆரம்பி. பக்கத்து வீட்டுக்காரரான லா ரியோஹா ஆல்தாவின் வின்யா ஆர்தான்சாவும் பழைய பாணிதான், தேடி வாங்கலாம். பிறகு காசு சேர்ந்தால் தொந்தோனியாவின் வெள்ளை. வெள்ளை ஒயினையும் இப்படியே வருஷக்கணக்கில் பீப்பாயில் போடுகிற பைத்தியம் இவர்களுக்கு. ரோஸ்கூட நாலு வருஷம் பீப்பாயில் இருக்கும். நிறம் வெங்காயத் தோல். அதைத் திறந்தால் உன் வீட்டுக்காரி மறுபடி சிங்க்கைக் காட்டக்கூடும்.

பில்பாவோ பாண்டி | வியாழன் காலை 8.00

ஆரோவுக்குப் போவதென்றால் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யுங்கள், கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். ஜூன் 29 மட்டும் போகாதீர்கள், அல்லது அன்றைக்கு மட்டும் போங்கள். சான் பெத்ரோ திருநாள். ஊரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிலிபியோ பாறைக்கு ஏறி, பூச்சிமருந்து அடிக்கிற மாதிரி முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் ஒயினைப் பீய்ச்சுவார்கள். நல்ல ஒயின் இல்லை, கவலைப்படாதீர்கள்.

கறார் கந்தன் | வியாழன் காலை 9.12

மேசைவிளக்கு, அக்டோபரில் வேலை விஷயமாகப் பார்சிலோனா வருகிறேன். நான் ஒரு புதிய பாணி பாட்டில் கொண்டுவருகிறேன், நீங்கள் ஒரு குபியோ வாங்கி வையுங்கள். லேபிளைத் துணியில் சுற்றிவிட்டு உங்கள் மனைவியிடம் கொடுப்போம். அவர் எதைத் திருப்பித் தரவில்லையோ அதுதான் ஜெயித்தது.

மிளகுக் கோழி வேண்டாம்.

மேசைவிளக்கு | வியாழன் காலை 9.40

வாருங்கள். மனைவி கேட்கிறாள், விலா எத்தனை துண்டு வாங்க வேண்டும் என்று.